வேனில் போய் எடுத்த மாத்திரை

இப்படி இந்தச் சாக்கில் உட்காருங்க அக்கா. அது காய்ந்த சாக்குதான், சேலையில் ஒட்டாது. நான் புளி தட்டிக்கொண்டே பேசுறேன், தப்பாக எடுத்துக்காதீங்க. சாயந்தரம் வண்டி வந்துவிடும், அதற்குள் இந்த மூட்டையை முடிக்கணும். பாருங்க, கல்லில் வைத்து இரும்பால் ஒரு தட்டு, கொட்டை தானாக வெளியே வரும். ஓங்கியும் அடிக்கக் கூடாது, சும்மா தடவியும் கொடுக்கக் கூடாது.

சுகுணா நர்சு போனில் சொன்னாங்க. மேலப்பட்டியிலிருந்து ஒரு அக்கா வருவாங்க, அவங்க தம்பிக்கும் உனக்கு வந்ததுதான் வந்திருக்கு, டாக்டரம்மா மூன்று மாத்திரையைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டதில் வீடே குழம்பிக் கிடக்கு, நீ எந்த மாத்திரை சாப்பிடுகிறாய் என்று மட்டும் சொல்லி அனுப்பு என்று. அவ்வளவுதானே? ஒரு பேர்தான், சொல்லிவிடுறேன். நான் அதிகம் பேசுற ஆள் கிடையாது. எட்டாவது பாதியில் நின்றவள். புது ஆள் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பேரைச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டு இருப்பேன்.

ஆனால் வெறும் பேரைச் சொன்னால் உங்களுக்கு என்ன தெரியும்? நடந்ததைக் கொஞ்சம் சொன்னால்தானே.

போன வருஷம் இதே புளி நேரம். இதே இடத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கேன். ஒரு பொம்பளைக் குரல். "நாகஜோதி புளி தட்டுறா" என்றது. ஆமாம், தட்டுறேன், அதுக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். "நாகஜோதி தண்ணி குடிக்கப் போறா." ஓட்டுக் கேட்டு வரும் ஜீப்பில் மைக் கட்டிப் பேசுவாங்களே, அந்த மாதிரி. ஓட்டுக் கேட்கிறவர்களாவது நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவாங்க. இது, "சாம்பார் வைக்கிறா. பருப்பே வேகல. அதுக்குள்ள புளியக் கரைச்சு ஊத்திட்டா" என்கிறது.

நான் பக்கத்து வீட்டுச் செல்வமணி மதினிதான் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பேசுது என்று நினைத்துவிட்டேன். எனக்குத்தான் பேச வராதே, அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, இந்தப் பக்கம் நின்று, "என் சாம்பார் வேகாட்டி உனக்கென்ன மதினி? உன் வீட்டு ரசத்தப் பத்தி நான் என்னைக்காச்சும் வாயத் தொறந்தேனா?" என்று கத்தித் தீர்த்துவிட்டேன். பதிலே இல்லை. எப்படி இருக்கும்? மதினி மகள் பிரசவத்துக்கு ஒட்டன்சத்திரம் போய் அது ஆகிவிட்டது ஒரு வாரம். அவர்கள் வீட்டு ஆடு மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது.

சிரிங்க அக்கா, பரவாயில்லை. இப்போது நானும் சிரிக்கிறேன். அப்போது முடியல. குரல் போகப் போகக் கெட்டுப்போனது. "கெழவி சோத்துல என்னமோ கலந்துட்டா, திங்காத" என்றது. சாப்பாட்டை நிறுத்தினேன். "கண்ண மூடுனா புள்ளயத் தூக்கிட்டுப் போயிருவாங்க" என்றது. தூங்கல. மிதுனா, என் மகள், அப்போதுதான் நடை பழகினவள், தரையில் இறங்கணும் என்று துள்ளுவாள். இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. அழுதாலும் இறக்கல. அவள் இடுப்பில் என் விரல் பதிந்து சிவந்து கிடந்ததைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் அத்தைக்கு, மாமியாரைச் சொல்றேன், ஒரு கெட்ட பழக்கம் பிடித்தது. இன்றைக்கு வரைக்கும் போகல. எனக்குத் தட்டில் சோறு போட்டதும் முதல் வாய் அவங்கதான் அள்ளுவாங்க. என் எதிரிலேயே உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டு, நன்றாக மென்று முழுங்கிவிட்டு, "ம், சாப்புடு" என்பாங்க. வெறும் ரசச் சோறானாலும் சரி, கறி எடுத்த நாளானாலும் சரி. தனக்கென்று ஒரு தட்டு இல்லையா? மருமகள் தட்டில் கைவைக்கிற மாமியாரை எங்கேயாவது கண்டிருக்கீங்களா? நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லிக் காட்டுற சுபாவம் எனக்குக் கிடையாது.

எங்கே விட்டேன்? ஆஸ்பத்திரி. எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுறார். ஊரில் கேட்டவர்களிடம் எல்லாம் எனக்கு ரத்தக்குறைவு என்று சொல்லிவிட்டார். சொல்றதுதான் சொன்னார், தலைவலி என்று சொல்லியிருக்கக் கூடாதா? ரத்தக்குறைவு என்றதும் தெருவில் ஆடு அறுத்தவர்கள் எல்லாரும் சுவரொட்டியை, ஆட்டு மண்ணீரலைத்தான் சொல்றேன், எனக்கென்று எடுத்துவைத்தாங்க. ஊரிலிருந்து வந்த செல்வமணி மதினி, நான் திட்டினது தெரியாமல், தூக்குச்சட்டியில் கொண்டுவந்து நிற்குது. "சுட்டுத் தின்னு நாகு, ரத்தம் அப்புடியே குபுகுபுன்னு ஊறும்." வாங்கவும் வெட்கம், வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம். தின்றேன்.

ஷெரின் டாக்டரம்மாவை நீங்களும் பார்த்திருப்பீங்களே, சின்னப் பிள்ளை. என் வயதுதான் இருக்கும். எல்லாம் கேட்டுவிட்டு, இது மனச்சிதைவு நோயின் ஆரம்பம், சீக்கிரம் கூட்டிவந்தது நல்லது என்று சொன்னாங்க. எனக்கு அந்தப் பேரே பிடிக்கல அக்கா. சிதறிப்போன மாதிரியா இருக்கேன்? முழுசாகத்தானே உட்கார்ந்திருக்கேன்? முதலில் கொஞ்ச நாள் தூங்குவதற்கு ஏதோ கொடுத்தாங்க. கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு மறுபடி வரச்சொல்லி, அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க.

"குரலக் குறைக்கிறதுல இந்த மூணு மாத்திரையும் ஏறக்குறைய ஒண்ணுதான். உடம்புல பண்ற சேட்டைதான் வேற வேற. ஒண்ணு நல்லாத் தூங்க வைக்கும், பசிக்கும், உடம்பு போடும். இன்னொண்ணுல எடை அவ்வளவா ஏறாது, ஆனா சில பேருக்குக் கால் ஒரு எடத்துல நிக்காது, கை நடுங்கும். மூணாவது நடுத்தரம், ஆனா மாசக் குளி தள்ளிப்போகலாம். இதுல எதப் பொறுத்துக்க முடியும், எத முடியாது? நீங்க சொல்லுங்க நாகஜோதி."

நீங்க சொல்லுங்க நாகஜோதி! என் பேரில் இன்னொருத்தி பின்னால் நிற்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். கல்யாணச் சேலையே எனக்குப் பிடித்திருக்கா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் சாதிசனத்தில் ஜவுளி எடுப்பது என்றால் மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும் வேன் பிடித்துப் போய் ஆளுக்கொன்றைத் தூக்கிக் காட்டி, கடைசியில் தாய்மாமன் கைவைக்கிற சேலைதான். எனக்குக் கத்தரிப்பூ நிறம் விழுந்தது. அதைக் கட்டினால் நான் இருக்கிறதே தெரியாது, சேலை மட்டும் நடந்து வரும்.

நான் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அத்தைதான் பேசினாங்க. "மொதல்ல சொன்னதக் குடு தாயி. புள்ள சாப்பிட்டு எத்தன நாளாச்சு. தூங்கட்டும், திங்கட்டும். ஒடம்பு போட்டா போடட்டும், இப்ப என்ன, எலும்ப எண்ணிறலாம்."

வெளியே வந்ததும் அத்தை தன் மகனிடம், "எதக் குடுக்கறதுன்னு அதுக்கே தெரியல அழகு, அதான் நம்மகிட்டயே கேக்குது" என்றாங்க.

அவர், "அதுகூடப் பரவால்லம்மா. ஓட்டல்ல எது நல்லாருக்கும்னுதான் சொல்லுவான், எதத் தின்னா வயித்தால போகும்னு சொல்லுவானா? இந்தப் புள்ள கொறைய எல்லாம் மொதல்லயே சொல்லுது. எப்படிப் பொழைக்கும்?" என்று வருத்தப்பட்டார்.

முதல் மாத்திரை சொன்ன வாக்கைக் காப்பாற்றியது அக்கா. குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. முதலில் பக்கத்துத் தெரு மைக்செட் மாதிரி, அப்புறம் பக்கத்து ஊர் மைக்செட் மாதிரி. ஆனால் பசி! மிதுனாவுக்கு ஊட்ட உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு வாய், எனக்கு நாலு வாய். அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஜாக்கெட் எல்லாம் தையலைப் பிரித்துப் பிரித்து, பிரிக்க ஒன்றும் இல்லாமல் போனது. அத்தைக்குப் பெருமை தாங்கல. செல்வமணி மதினிக்கு அதைவிடப் பெருமை. தன்னுடைய சுவரொட்டிதான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லி, அடுத்த தெருவில் ரெண்டு பேர் சும்மாவே தின்ன ஆரம்பித்துவிட்டாங்க.

தூக்கமோ தூக்கம். சோற்றை வடித்துவிட்டு உட்கார்ந்தால் அப்படியே சாய்ந்துவிடுவேன். ஒருநாள் பகலில் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. நான் மிதுனாவைப் பக்கத்தில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். தூங்கினது அவள் இல்லை, நான். அவள் எழுந்து என்னைத் தட்டியிருக்கிறாள், அம்மா என்றிருக்கிறாள், அழுதிருக்கிறாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு இருந்தது. அப்புறம் வாசலைத் தாண்டித் தெருவைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். மினி பஸ் டிரைவர் சடாரென்று பிரேக் அடித்து, இறங்கி, தூக்கிக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கேட்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் இருந்தவங்களும் சும்மா இருப்பாங்களா, எல்லாரும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டாங்க. நான் கண்ணைத் திறந்தபோது என் தலைக்கு மேலே ஒரு மினி பஸ் கூட்டம் நிற்குது. "இவதான் ஆத்தாக்காரி." "மூச்சு இருக்கா பாரு." "இருக்குல்ல, கொறட்ட விடுது." நான் கத்தரிப்பூச் சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

எல்லாரும் போனபிறகு அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அக்கா. இல்லாத பொம்பளை பேசினதெல்லாம் மணிக்கணக்கில் காதில் விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த என் பிள்ளை கூப்பிட்டது விழல. எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது, எது பொறுக்க முடியாதது என்று. சொல்லத்தான் வாய் வரல.

மாத்திரையை மாற்றணும் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். அவர் எங்கம்மாவிடம் சொன்னார். எங்கம்மா தன் தம்பியிடம் சொன்னது. அவர்தான் என் தாய்மாமன், பிச்சைமணி மாமா. வந்தது வினை. "டாக்டரே நம்மள எடுத்துக்கச் சொல்லியிருக்கு, மொத எடுப்புக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லல. மாமியாக்காரி எடுத்திருக்கா. அதான் புள்ள ரோட்டுக்குப் போயிருச்சு" என்று குதித்தார். அடுத்த தடவை வேன் வந்து நின்றது அக்கா வாசலில். பொய் சொல்லல. மாமா, அவர் பொண்டாட்டி, எங்கம்மா, ரெண்டு சித்திகள், இந்தப் பக்கம் அத்தை, நாங்கள். புளிச்சோறு கட்டி எடுத்துக்கொண்டு ஏறினாங்க. வேனுக்குள் மாப்பிள்ளை வீடு ஒரு பக்கம், பொண்ணு வீடு ஒரு பக்கம். நான் நடுவில் கியர் பெட்டி மேலே.

டாக்டரம்மா ரூமில் இத்தனை பேரும் நுழைந்தோம். மாமா வெற்றிலை பாக்கு பழத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எதுக்கு?" என்றாங்க டாக்டரம்மா.

"எடுப்புக்கு வந்தா வைக்கிறதுதான் தாயி. நீ எடுத்துப் போடு, நாங்க பாக்குறோம்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கல. இருந்தாலும் பொறுமையாக மறுபடி மூன்றையும் சொன்னாங்க. இவர்கள் கேட்ட கேள்வி இருக்கே!

"வேற கலர் இல்லையா?"

"அந்த ரோஸ் கலருல வேற ஒண்ணும் வராதா?"

"எடுத்துட்டுப் போயி ஒத்துக்கலன்னா மாத்திக் குடுப்பீங்களா?"

"மாத்திக்கலாம். ஆனா கொஞ்ச வாரம் பார்க்கணும், நீங்களா நிறுத்தக் கூடாது" என்றாங்க.

மாமா எல்லாரையும் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கங்க. கட்டிப் பாத்துட்டுக்கூடக் கொண்டாந்து மாத்தலாமாம். எந்த ஜவுளிக்கடையில இப்புடிச் சொல்லுவான்?"

டாக்டரம்மா எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னாங்க. "தாய்மாமன் வெளியவா?" என்று மாமா கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கால், இந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்றார். டாக்டரம்மா என் பக்கம் நாற்காலியை நகர்த்தி, "இப்ப சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாங்க. தொண்டை வரைக்கும் வந்தது அக்கா. என் மகள் கூப்பிட்டால் கேட்கணும். அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். நான் அந்த நாற்காலிக் காலையே பார்த்துக்கொண்டு, "மாமா சொல்றதே இருக்கட்டும்" என்றேன். கதவிலிருந்து மாமா, "அந்தச் சின்ன மாத்திரையக் குடு தாயி, பொம்பளப் புள்ள முழுங்க லேசா இருக்கும்" என்றார்.

சின்ன மாத்திரைதான். ஆனால் காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தால் எழுந்திரு என்னும். எழுந்தால் நட என்னும். நின்றால் ஏன் நிற்கிறாய் என்னும். வீட்டுக்கும் அடிபம்புக்கும், அடிபம்புக்கும் வீட்டுக்கும். நான் சும்மா நடக்கிறதைப் பார்த்து ஊருக்கு மனசு கேட்கல. "நாகு, அந்தப் பக்கமாத்தான போற, ஒரு கிலோ உளுந்து வாங்கிட்டு வா." "நாகு, இந்த அரிசிய மில்லுல குடுத்துரு." ஒருத்தர் ஆட்டை மேய்ச்சலுக்கு விட்டு வரச் சொன்னார். மாமா பார்த்துவிட்டு, "என் எடுப்பு எப்புடி? படுத்தே கெடந்த புள்ள பம்பரமாச் சுத்துது பாரு" என்று எங்கள் அத்தை காதில் விழுகிற மாதிரிச் சொன்னார்.

அத்தை, "நடக்குறதுதான் நடக்குற, புள்ளயத் தூக்கிட்டு நட" என்று மிதுனாவை இடுப்பில் ஏற்றிவிட்டாங்க. அவளுக்குக் கொண்டாட்டம். ஆனால் மடியில் உட்கார்ந்து சோறு வாங்கணுமே? நான் உட்கார்ந்தால் தொடை ஆடும், அவள் சறுக்கி விழுவாள். கை நடுக்கத்தில் சோறு வாய்க்குப் போகாமல் மூக்குக்குப் போகும். புளி தட்ட உட்கார்ந்து கொட்டையைவிட என் விரலைத்தான் அதிகம் தட்டினேன், இந்த நகம் பாருங்க, இன்னும் கறுப்புப் போகல. வெளியே பார்க்கிறவங்களுக்குப் பம்பரம். உள்ளே இருந்த பாட்டை யாரிடம் சொல்ல? ஒருநாள் அடிபம்புப் பக்கம் நின்று, நிற்க முடியாமல் நின்று, அழுதேன். செல்வமணி மதினி வந்து, "ரத்தம் ஊறிப் போச்சுல்ல, அதான் கால் துருதுருங்குது" என்றது.

அப்புறம் ரெண்டு பக்கமும் சண்டை. அத்தை, "பழைய மாத்திரதான். புள்ள ராசாத்தி மாதிரி இருந்தா" என்றாங்க. மாமா, "தூங்கி வழியவா பொண்ணு குடுத்தோம்? புதுசுதான்" என்றார். மாப்பிள்ளை வீட்டு மாத்திரை, பொண்ணு வீட்டு மாத்திரை என்றே பேர் வந்துவிட்டது. கடைசியில் காளியம்மன் கோவிலில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம், ஆத்தா என்ன சொல்றாளோ அதுதான் என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் அத்தை மாத்திரை, வெள்ளை அரளி வந்தால் மாமா மாத்திரை.

பூசாரி ரெண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்துக் கட்டினார். "என்ன காரியம்னு சொல்லிக் கேளுங்க" என்றார். எங்கள் வீட்டுக்காரர் கும்பிட்டபடியே, "ரத்தக்கொறைவு மாத்திரைங்க" என்றார்.

அத்தை அவர் விலாவில் ஒரு இடி இடித்தாங்க. "சாமிகிட்டயுமாடா?"

சின்னப் பிள்ளைதான் எடுக்கணும் என்று மிதுனாவை இறக்கிவிட்டாங்க. அவள் ரெண்டு பொட்டலத்தையும் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். எல்லாரும் "ஏய் ஏய்" என்றதும் வாயிலிருந்து எடுத்து, நேராகத் தத்தித் தத்தி வந்து என் கையில் கொடுத்துவிட்டாள். எது எடுத்தாலும் அவள் என்னிடம்தான் கொண்டுவருவாள்.

"பூசாரிகிட்டக் குடு தாயி."

"அட, நீயாச்சும் பிரி நாகு."

"பிரி, பிரி."

எல்லார் கண்ணும் என் கையில். என் கால் அப்போதும் தரையில் நிற்காமல் தாளம் போடுது. நான் கையை மூடிக்கொண்டேன். இறுக்கி மூடிக்கொண்டேன். எப்படி வந்ததோ தெரியல, "எனக்கு ரெண்டும் வேணாம்" என்றேன்.

மாமா, "யாரு பேசுனது?" என்று சுற்றிப் பார்த்தார். மெய்யாகவே அவருக்கு என் குரல் அடையாளம் தெரியல.

"என் மருமகதான்" என்றாங்க அத்தை. அதையும் ஒரு மாதிரித் தலையைத் தூக்கிக்கொண்டு சொன்னாங்க அக்கா, என்னைக் குத்திக் காட்டுற மாதிரி. ஊர் நடுவில் மருமகள் வாயாடிவிட்டாள் என்று அவங்களுக்கு அவமானம் இருக்காதா?

"முழுங்குறது நானு. மூணாவது ஒண்ணு இருக்குன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. நானே போயிப் பேசிக்கிறேன்" என்றேன். சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டேன். அந்த ஒரு தடவைதான் அந்தக் கால் எனக்கு உதவியது, நின்று வெட்கப்பட விடல. பொட்டலத்தை வீட்டுக்கு வந்து தனியாகப் பிரித்துப் பார்த்தேன். எந்தப் பூ என்று கேட்காதீங்க. சொன்னால் இந்த வருஷமும் வேன் வரும்.

அடுத்த தடவை லோடு ஆட்டோவில் நாங்கள் மட்டும் போனோம். அவரும் அத்தையும் பிள்ளையோடு வெளியே மரத்தடியில். நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டரம்மா கேட்டாங்க, அதே கேள்வி. நான் நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். "என் மக கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். மத்தது கூப்பிட்டா கேக்கக் கூடாது. உக்காந்து புளி தட்டணும். குண்டானா பரவால்ல. குளி தள்ளிப்போனாப் பரவால்ல. தூக்கமும் காலும் ஆகாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாங்க. "இதத்தானம்மா மொதல்லருந்தே கேக்குறேன்."

"நீங்க கேட்டப்ப எனக்குச் சேல எடுத்தது ஞாபகம் வந்துருச்சு" என்றேன். அவங்களுக்கு என்ன புரிந்ததோ, சிரித்தாங்க. மூன்றாவதைக் கொஞ்ச அளவில் ஆரம்பித்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாங்க. குரல் சுத்தமாகப் போகாமலும் இருக்கலாம், அளவைக் கூட்டினால் அடங்கும், ஆனால் தூக்கம் வரும், எது வேண்டும் என்று அதற்கும் என்னையே கேட்டாங்க. இப்போதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. இந்த அளவே போதும் என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன் அக்கா. வாய் காய்ந்து போகுது, சொம்பும் கையுமாகத்தான் இருப்பேன். குளி தள்ளிப்போனதும் செல்வமணி மதினி மூலமாகச் செய்தி ஊரைச் சுற்றி, பிச்சைமணி மாமா வளைகாப்புக்கு நாள் பார்க்கவே வந்து நின்றுவிட்டார். குரலும் எப்போதாவது வரும். தூரத்தில். சாம்பாரைப் பற்றி ஏதாவது சொல்லும். நான் பதில் சொல்றதில்லை. உண்மையைச் சொன்னால், பருப்பு விஷயத்தில் அது சொன்னது சரிதான்.

உங்கள் தம்பிக்கு என்ன வேலை என்றீங்க? தென்னை மரம் ஏறுறவரா? ஐயோ, அவருக்குத் தூங்குற மாத்திரையைக் கொடுத்து மரத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? கால் நிற்காத மாத்திரையைக் கொடுத்தால் அதைவிட மோசம். மரமே ஏற வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும் என்கிறீங்களா? அப்படி அவரே சொன்னாரா, இல்லை நீங்களா நினைக்கிறீங்களா? கேட்கலையா? அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலா பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தீங்க? நல்ல அக்காதான் நீங்க. எங்கள் மாமாவுக்கு ஏற்ற ஆள். கோவிச்சுக்காதீங்க, உரிமையில் சொல்றேன். போய் அவர் எதிரில் உட்காருங்க. பேசலைன்னாலும் உட்கார்ந்திருங்க. எங்களுக்கு வாய் திறக்க நேரமாகும்.

சரி சரி, பேரைத்தானே கேட்டு வந்தீங்க. பார்த்தீங்களா, ஒரு வார்த்தையில் முடிக்கிறேன் என்றேன். அட்டையில் நீளமாகப் போட்டிருக்கும், எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும், இருந்தாலும் மனப்பாடம். அந்த மாத்திரையோட பேரு...

இருங்க. இப்போது "ம்மா"ன்னு ஒரு சத்தம் வந்ததே, உங்களுக்கும் கேட்டதா அக்கா? நிசமாகக் கேட்டதா? உள்ளேயிருந்துதானே? அப்படியென்றால் என் மகள்தான், எழுந்துவிட்டாள். இந்தா வந்துட்டேன் தாயி! கோழி வந்தால் விரட்டிவிடுங்க அக்கா, புளியைக் கிளறிவிடும், நான் போய் அவளைத் தூக்கிக்கொண்டு